பழைய இன்ஜெக்‌ஷன் காரின் ஈசியூவில் பெட்ரோல் டியூனிங்: டேபிளைத் தொடும் முன்பும் பின்பும்

இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குப் பெட்ரோலை அளக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம் மட்டும். இன்ஜெக்டரை இத்தனை மில்லி செகண்ட் திறந்து வை என்று சொல்லும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் உள்ளே போகும் என்பது வெறும் நம்பிக்கைக் கணக்கு. பிரஷர் சரியாக இருக்கும், இன்ஜெக்டர் சுத்தமாக இருக்கும், சென்சார் உண்மை சொல்லும் என்று கம்பெனி அன்றைக்கு நம்பிப் போட்டது. 1980களிலும் 90களின் முற்பாதியிலும் வந்த வண்டிகளில் அந்த நம்பிக்கைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பம்ப் களைத்திருக்கும், ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், எர்த் வயர் பச்சை பூத்திருக்கும். இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஈசியூவின் சிப்பில் உள்ள எண் அட்டவணையான டேபிளில் எண்களை மாற்றினால், பழுதைத்தான் சிப்பில் எழுதிவைக்கிறோம். பிறகு ஒருநாள் பம்ப்பை மாற்றியதும் வண்டி கரும்புகை கக்கும்.

இங்கே சொல்வது முக்கியமாக, சிப்பைக் கழற்றி மாற்றி எழுதக்கூடிய, மேனிஃபோல்டு பிரஷரை வைத்துக் கணக்குப் போடும் ஈசியூக்களுக்கு. 1990–92 கமாரோ, ஃபயர்பேர்டு வி8 வண்டிகளில் வந்த ஜிஎம் 1227730, 1992–95 ஹோண்டாக்களின் பி28 ஆகியவை பலருக்கும் பழக்கமானவை. காற்றோட்டத்தையே அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ வகைக்கும் பெரும்பாலானது பொருந்தும். வித்தியாசம் வரும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். பொதுச்சாலையில் ஓடும் வண்டியானால் உங்கள் நாட்டுப் புகை விதி எதை மாற்ற விடுகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

முதலில் இரும்பு வேலை

பெட்ரோல் பிரஷர் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கேஜ் மாட்டும் முன் பம்ப் ஃபியூஸைக் கழற்றி இன்ஜினை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை பிரஷரை இறக்குங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு அளந்தால் வருவதுதான் அடிப்படை பிரஷர். பல வண்டிகளில் இது 2.5 அல்லது 3 பார். ஹோஸை மறுபடி மாட்டியதும், ஐடிலிங்கில் ஏறத்தாழ 0.6 பார் இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் ஹோஸ் அடைத்திருக்கிறது, அல்லது ரெகுலேட்டர் போய்விட்டது. அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் டயஃப்ராம் கிழிந்திருக்கிறது. அது வழியாகக் கணக்கில் வராத பெட்ரோல் நேராக மேனிஃபோல்டுக்குள் போகும். எந்த டேபிளாலும் அதைத் திருத்த முடியாது.

நின்ற இடத்தில் பிரஷர் சரியாக இருந்தால் போதாது. முழு ஆக்ஸிலேட்டரில், மேல் ஆர்பிஎம்மில் பிரஷர் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே இறங்கினால் ஃபில்டர், பம்ப், பம்ப்புக்குப் போகும் வயர் என்ற மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பம்ப் ஓடும்போது அதன் முனைகளில் வரும் வோல்டேஜையும் பேட்டரி வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். பெரிய இடைவெளி இருந்தால் ரிலே, கனெக்டர், எர்த் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பம்ப்புக்குச் செலவு செய்ய வேண்டும்.

இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசானிக் முறையில் சுத்தம் செய்து, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு எத்தனை சிசி விடுகிறது என்று பெஞ்சில் அளந்து வாங்குங்கள். நான்கில் ஒன்று 10 சதவீதம் குறைவாக விட்டால், ஆக்ஸிஜன் சென்சார் நான்கின் சராசரியைத்தான் காட்டும். கணினி நான்குக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டும். மூன்று சிலிண்டர் தேவைக்கு மேல் குடிக்கும், நான்காவது பட்டினியில் சூடேறும். லாகில், அதாவது ஓட்டும்போது பதிவாகும் ரீடிங்கில், எல்லாம் அழகாகவே தெரியும்.

காற்று லீக் பார்க்கப் புகை மெஷின்தான் நல்லது. சூடான இன்ஜின் மேல் எரியும் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். லீக்கின் அடையாளம் ஈசியூ வகைக்கு ஏற்ப மாறும். மேனிஃபோல்டு பிரஷரை அளக்கும் மேப் சென்சார் வகையில், லீக் வழியாக வரும் காற்றும் மேனிஃபோல்டு பிரஷரில் தெரிந்துவிடும். அதனால் கலவை பெரிதாக மாறாது, ஐடிலிங் ஆர்பிஎம்தான் ஏறும். ஏர்ஃப்ளோ மீட்டர் வகையில் மீட்டருக்குப் பின்னால் நுழையும் காற்றுக்குக் கணக்கே கிடையாது. ஐடிலிங்கில் கலவை லீனாகும் (பெட்ரோல் குறையும்), 2500 ஆர்பிஎம்மில் சரியாகிவிடும். லோடு ஏற ஏற லீனாகிறது என்றால் அது காற்று லீக் இல்லை. பெட்ரோல் போதவில்லை, அல்லது மீட்டர் அழுக்கு.

சென்சார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். பாஷ் வகையில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் வர வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் இன்ஜின் 65 டிகிரியைத் தாண்டாது. ஈசியூ அதை இன்னும் குளிர்ந்த இன்ஜினாகவே நினைத்து எந்நேரமும் கூடுதல் பெட்ரோல் விடும். இதைக் கவனிக்காமல், சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்று சொல்லும் விஇ டேபிளைக் குறைத்துச் சமாளித்த வண்டிகள் ஏராளம். மேப் சென்சார், கீ போட்டு இன்ஜின் ஓடாத நிலையில், கடல்மட்ட ஊரில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். த்ராட்டில் சென்சார் மூடிய நிலையில் அரை வோல்ட்டை ஒட்டி ஆரம்பித்து, முழுக்கத் திறக்கும்வரை தாவாமல் ஏறி 4 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். பிளக், வயர், கம்ப்ரெஷன் எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு அடுத்த வேலை.

வைட்பேண்ட்: எங்கே மாட்டுவது, எப்போது நம்பக்கூடாது

வண்டியோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார் 0.45 வோல்ட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். ரிச்சா (பெட்ரோல் அதிகமா) லீனா என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. டியூனிங்குக்கு வைட்பேண்ட் சென்சார் வேண்டும். பாஷ் எல்எஸ்யூ 4.9 இப்போது பொதுவானது. பழைய 4.2 வகையை அவ்வப்போது வெளிக்காற்றில் வைத்துக் காலிபரேட் செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் பைப்பில் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்கு முன்னால் நட்டு வெல்டிங் வைத்து மாட்டுங்கள். டர்போ இருந்தால் டர்பைனுக்குப் பின்னால். சென்சார் படுத்திருக்கக்கூடாது, பைப்பின் மேல்பக்கமாக, கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது நிமிர்ந்து நிற்கட்டும். குளிர்ந்த பைப்பில் தேங்கும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டால் சென்சார் அங்கேயே முடிந்தது. கரன்ட் கொடுக்காமல் சும்மா மாட்டிவைத்து வண்டி ஓட்டினாலும் கரி படிந்து கெட்டுப்போகும்.

வைட்பேண்ட் கன்ட்ரோலரின் அனலாக் வயரை, ரீடிங்கைப் பதிவுசெய்யும் லாகரில் கொடுப்பதாக இருந்தால் எர்த்தில் கவனம் தேவை. 0–5 வோல்ட், 10 முதல் 20 வரை ஏஎஃப்ஆர் (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தில் 0.1 வோல்ட் பிசகினால் ரீடிங் 0.2 தப்பும். முடிந்தவரை டிஜிட்டல் இணைப்பையே பயன்படுத்துங்கள்.

எண்களை லாம்டாவில் படிக்கப் பழகுங்கள். காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் கலவைதான் லாம்டா 1, அதற்கு மேல் லீன், கீழே ரிச். கலப்பில்லாத பெட்ரோலுக்கு லாம்டா 1 என்பது 14.7. பத்து சதவீத எத்தனால் கலந்தால் அது 14.1 ஆகிவிடும். சென்சார் உள்ளுக்குள் அளப்பது லாம்டாவைத்தான், 14.7 என்பது கேஜ் பெருக்கிக் காட்டும் எண். எந்தப் பெட்ரோல் போட்டாலும் லாம்டா 1 லாம்டா 1தான்.

வைட்பேண்டை நம்பக்கூடாத இடங்களும் உண்டு. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, மிஞ்சிய ஆக்ஸிஜனைப் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸானால், அதன் எரியாத காற்று முழுவதும் வெளியே வரும், கேஜ் லீன் என்று கத்தும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும், மிஸ் இன்னும் அதிகமாகும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் லீக்கும் இதே பொய்யைச் சொல்லும். பெரிய கேம் போட்ட இன்ஜின் ஐடிலிங்கில் எரியாத காற்றையும் சேர்த்து வெளியே தள்ளுவதால் அங்கேயும் லீன் காட்டும். அந்த மாதிரி இன்ஜினில் ஐடிலிங்கைக் கேஜை வைத்துச் சரிபார்க்காதீர்கள். மேனிஃபோல்டு பிரஷர் எந்தக் கலவையில் மிகக் குறைவாக, ஆடாமல் நிற்கிறதோ அதுதான் சரி.

சிப்

பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டுத்தான் ஈசியூவைத் தொட வேண்டும். ஜிஎம் பெட்டிக்குள் சிப் தனி மாட்யூலில் இருக்கும், கழற்றுவது சுலபம். ஹோண்டா பி28இல் வெளிச் சிப் போட 28 பின் சாக்கெட், 74ஹெச்சி373 லாட்ச், கூடச் சில சிறு பாகங்கள் சோல்டர் வைத்து, ஜே1 என்று குறித்த இடத்தில் ஜம்பர் போட வேண்டும்.

கம்பெனிச் சிப்பை ரீடரில் இருமுறை படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டு, இரண்டு இடங்களில் சேமியுங்கள். 27சி256 என்றால் ஃபைல் சரியாக 32 கிலோபைட் இருக்கும். அசல் சிப்பில் எதையும் எழுதாதீர்கள். அது வண்டியின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அடிக்கடி எழுதி அழிக்க, கரன்ட்டாலேயே அழியும் 27எஸ்எஃப்512 வசதி. ஆனால் அது 64 கிலோபைட். 32 கிலோபைட் சாக்கெட்டில் அதன் எந்தப் பாதி படிக்கப்படும் என்பது முதல் பின்னுக்கு என்ன வோல்டேஜ் வருகிறது என்பதைப் பொறுத்தது. குழப்பமே வேண்டாம், ஒரே ஃபைலை இரண்டு பாதியிலும் எழுதிவிடுங்கள். மாட்டும்போது சிப்பின் வெட்டுக்குறி சாக்கெட்டின் வெட்டுக்குறியோடு சேர வேண்டும். திருப்பி மாட்டிக் கீ போட்டால் சிப் செத்துவிடும்.

எண்களை எந்த இடத்தில் மாற்றுவது என்று சொல்லும் டெஃபனிஷன் ஃபைல் உங்கள் சிப்பின் புரோகிராமுக்கே உரியதாக இருக்க வேண்டும். டியூனர்ப்ரோ போன்ற எடிட்டரில் தவறான டெஃபனிஷனைத் திறந்தாலும் டேபிள்கள் தெரியும், ஆனால் குப்பையாக இருக்கும். விஇ டேபிள் வழவழப்பான மேடு மாதிரி தெரியாமல் பல்போல் தாவினால் அதைத் தொடாமல் மூடிவிடுங்கள். சிப்புக்குப் பதிலாக மாட்டும் எமுலேட்டர் வைத்திருந்தால் இன்ஜின் ஓடும்போதே மாற்றலாம், ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும்.

இன்ஜெக்டர் கணக்கை முதலில் நேராக்குங்கள்

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். அவசரப்படுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

1.6 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. 25 டிகிரியில், 100 கிலோபாஸ்கலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.17 கிராம். விஇ 80 சதவீதம் என்றால் சிலிண்டருக்குள் போவது 0.374 கிராம் காற்று. லாம்டா 1க்கு அதை 14.7ஆல் வகுத்தால் 25.5 மில்லிகிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 240 சிசி விடும் இன்ஜெக்டர் ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 2.96 மில்லிகிராம் விடும். ஆக 8.6 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். இதே இன்ஜின் ஐடிலிங்கில், 35 கிலோபாஸ்கல், விஇ 50 என்றால் வெறும் 1.9 மில்லி செகண்ட்தான்.

ஆனால் கரன்ட் வந்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடாது. 14 வோல்ட்டில் சுமார் 1 மில்லி செகண்ட் வீணாகும், வோல்டேஜ் குறைந்தால் இன்னும் கூடும். அதுதான் டெட் டைம். இதை ஈசியூ தனியாகக் கூட்டிக்கொள்கிறது. அந்த எண்ணில் 0.2 மில்லி செகண்ட் தப்பு என்று வையுங்கள். முழு லோடில் 8.6இல் 0.2 என்பது 2 சதவீதம், யாருக்கும் தெரியாது. ஐடிலிங்கில் 1.9இல் 0.2 என்பது 10 சதவீதத்துக்கு மேல். ஒரு சுற்றுக்கு இருமுறை பாதிப் பாதியாகத் திறக்கும் பேட்ச் ஃபயர் வண்டிகளில் டெட் டைம் இருமுறை வருவதால் பிழையும் இரட்டிப்பாகும்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. இன்ஜெக்டரின் ஃப்ளோ எண் தப்பென்றால் கலவை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே சதவீதம் விலகும். டெட் டைம் தப்பென்றால் ஐடிலிங்கில் பெரிதாக விலகி, லோடு ஏற ஏறச் சரியாகும். ஹெட்லைட், ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, வோல்டேஜ் இறங்கும்போது லாம்டாவைப் பாருங்கள். லீனாகப் போனால் குறைந்த வோல்டேஜுக்கான டெட் டைம் போதவில்லை. விஇ டேபிளைத் தொடாமல் இதை முதலில் முடியுங்கள்.

இன்ஜெக்டரைப் பெரிதாக்கினால் விஇ டேபிளைக் குறைக்கக்கூடாது, ஃப்ளோ எண்ணை மாற்ற வேண்டும். 240இலிருந்து 310 சிசிக்குப் போனால் திறக்கும் நேரம் 240/310, அதாவது 0.774 மடங்கு. பிரஷரை ஏற்றினால் ஃப்ளோ நேர்விகிதத்தில் ஏறாது, வர்க்கமூலத்தில் ஏறும்: 2.5 பாரிலிருந்து 3 பாருக்குப் போனால் 20 சதவீதம் அல்ல, 9.5 சதவீதம்தான். 12 முதல் 16 ஓம் உள்ள இன்ஜெக்டருக்குக் கட்டிய ஈசியூவில் 2, 3 ஓம் இன்ஜெக்டரை நேராக மாட்டினால் டிரைவர் டிரான்சிஸ்டர் வெந்துவிடும். ரெசிஸ்டர் பாக்ஸ் வேண்டும்.

எவ்வளவு நேரம் கைவசம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஒரு முழுச் சுற்றுக்கு (கிராங்க் இருமுறை சுழல்வதற்கு) 1,20,000ஐ ஆர்பிஎம்மால் வகுத்தால் வரும் மில்லி செகண்ட். 6000இல் 20, 7500இல் 16. இன்ஜெக்டர் அதில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருந்தால் ஃப்ளோ கட்டுப்பாட்டில் இருக்காது. டேபிளில் எண்ணை ஏற்றினாலும் லாம்டா அசையாது.

விஇ டேபிளை நிரப்புவது

டியூனிங் நடக்கும்வரை சில விஷயங்களை நிறுத்தி வைக்க வேண்டும். ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானாகத் திருத்தும் க்ளோஸ்டு லூப்பை, அது தொடங்கும் டெம்பரேச்சரை எட்டாத எண்ணாக, உதாரணமாக 150 டிகிரியாக வைத்து முடக்குங்கள். கார்பன் கேனிஸ்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு வரும் ஹோஸை அடைத்துவிடுங்கள். டேங்க் ஆவி கணக்கில்லாமல் உள்ளே வந்தால் டேபிளின் ஒரே கட்டம், அதாவது செல், காலையில் ஒரு எண்ணும் மாலையில் ஒரு எண்ணும் காட்டும். இக்னிஷன் டைமிங்கைத் தொடாதீர்கள்.

இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, ஆர்பிஎம், மேப், த்ராட்டில், கூலன்ட், உள்காற்று டெம்பரேச்சர், லாம்டா ஆகியவற்றை ஒன்றாக லாக் செய்யுங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்யக்கூடாது. ஒவ்வொரு செல்லிலும் ஆக்ஸிலேட்டரை அசைக்காமல் சில வினாடி நிறுத்துங்கள். மேட்டில் ஏறும்போது ஆர்பிஎம் மாறாமல் லோடை ஏற்றலாம். லேசாக பிரேக் பிடித்தபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் செய்யலாம், ஆனால் பிரேக்கைச் சூடாக்கிவிடாதீர்கள்.

லாகிலிருந்து வேண்டாததைக் கழித்துவிடுங்கள்: கூலன்ட் 80 டிகிரிக்குக் கீழ் இருந்தவை, ஆக்ஸிலேட்டர் அசைந்துகொண்டிருந்தவை, காலை எடுத்ததும் பெட்ரோல் நின்றுபோன நேரத்தவை. வாயு சென்சார்வரை வந்து சேர நேரம் பிடிப்பதையும் மறக்காதீர்கள். ஐடிலிங்கில் அந்தத் தாமதம் நன்றாகத் தெரியும், மேல் ஆர்பிஎம்மில் சுருங்கிவிடும். ஒரு செல்லில் இருபது முப்பது ரீடிங்காவது சேர்ந்த பிறகே அதை நம்புங்கள்.

திருத்தும் கணக்கு எளிது. பழைய விஇயை, அளந்த லாம்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்டாவால் வகுக்க வேண்டும். செல்லில் 62 இருக்கிறது, வேண்டியது 1.00, வந்தது 1.06 என்றால் புதிய எண் 65.7. ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மாற்றம் கேட்டால் பாதியை மட்டும் கொடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றில் பெரும்பாலான செல்கள் 3 சதவீதத்துக்குள் வந்துவிடும்.

கை எட்டாத செல்கள் எப்போதும் மிஞ்சும். அவற்றை அப்படியே விடாதீர்கள். அண்டைச் செல்கள் 6 சதவீதம் ஏறியிருந்தால் இவற்றையும் அதே விகிதத்தில் ஏற்றி, டேபிளைப் படமாகப் பார்த்துக் கையால் வழவழப்பாக்குங்கள். மென்பொருளின் ஸ்மூத் பொத்தான் நீங்கள் பாடுபட்டு அளந்த செல்லையும் சேர்த்து மழுக்கிவிடும். ஒற்றைச் செல் மட்டும் குன்றுபோல் நின்றால் இன்ஜினில் அப்படி ஒன்று இருக்காது, லாகில்தான் பிழை.

வைட்பேண்ட் இல்லாத ஜிஎம் வண்டியில் ஈசியூவின் சொந்தத் திருத்தத்தையே அளவுகோலாக்கலாம். அங்கே க்ளோஸ்டு லூப்பை ஓடவிட வேண்டும். பிஎல்எம் என்ற எண் 128 என்றால் திருத்தம் இல்லை. 138 என்றால் 138/128, கிட்டத்தட்ட 8 சதவீதம் கூட்டிக்கொண்டிருக்கிறது. விஇ 62 என்றால் 66.8 ஆக்குங்கள். 124க்கும் 132க்கும் நடுவில் வந்தால் போதும். இந்த வழி லாம்டா 1இல் ஓடும் பகுதிக்கு மட்டுமே. முழு ஆக்ஸிலேட்டரை இதை வைத்து டியூன் செய்ய நினைப்பது பிஸ்டனைப் பணயம் வைப்பது.

ஏர்ஃப்ளோ மீட்டர் வகையில் விஇ டேபிளுக்குப் பதில் மீட்டர் டேபிள் இருக்கும். இத்தனை வோல்ட்டுக்கு இத்தனை கிராம் காற்று என்று சொல்வது அது. ஒரே வோல்ட்டில் வரும் எல்லா ஆர்பிஎம் ரீடிங்கையும் சராசரி எடுத்துத் திருத்த வேண்டும். பாஷ் எல்-ஜெட்ரானிக்கில் டேபிளே கிடையாது. ஏர்ஃப்ளோ மீட்டரின் கறுப்பு மூடிக்குள் பல்சக்கரம் ஒன்று மடலின் ஸ்ப்ரிங்கை இழுத்துப் பிடித்திருக்கும். தளர்த்தினால் ரிச், இறுக்கினால் லீன். தொடும் முன் பழைய பல்லில் மையால் குறி போடுங்கள், ஒவ்வொரு பல்லாக நகர்த்துங்கள்.

முழு ஆக்ஸிலேட்டர்

டைனோவில், அதாவது வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் மெஷினில், செய்வதே முறை. டர்போ இல்லாத இன்ஜினுக்கு முழு லோடில் லாம்டா 0.85 முதல் 0.88, டர்போவுக்கு 0.78 முதல் 0.82. ரிச் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, லாம்டா 0.02 படியாக ஏறும்படி பெட்ரோலைக் குறைத்து வாருங்கள். லீன் பக்கத்திலிருந்து வரவே கூடாது. முழு லோடில் கேஜ் 0.95ஐத் தாண்டினால் அந்தக் கணமே காலை எடுங்கள், லாகைப் பிறகு பார்க்கலாம். டப்பாவில் கூழாங்கல் குலுங்குவதுபோல் சத்தம் கேட்டாலும் அதேதான். அது நாக், அதாவது கலவை சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிப்பது.

கீழ் ஆர்பிஎம்மில் சரியாக இருந்து 5000க்கு மேல் மெல்ல லீனாகிறது என்றால் டேபிளைத் தொடும் முன் பிரஷர் கேஜையும் இன்ஜெக்டர் திறப்பு சதவீதத்தையும் பாருங்கள். பெரும்பாலும் பம்ப்தான். டேபிளில் கூட்டினால் இன்று சரியாகும், பம்ப் இன்னும் கொஞ்சம் தளர்ந்த அன்று இன்ஜின் போகும்.

ஐடிலிங், பிக்கப், காலை ஸ்டார்ட்டிங்

ஐடிலிங்கில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊசலாடினால், ஐடிலிங் செல்லுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் விஇ எவ்வளவு தாவுகிறது என்று பாருங்கள். ஆர்பிஎம் சற்று இறங்கும், மேப் ஏறும், கணக்கு அடுத்த செல்லுக்குப் போகும், அங்கே பெட்ரோல் வேறு அளவு, ஆர்பிஎம் எகிறும், திரும்ப இறங்கும். ஐடிலிங்கைச் சுற்றியுள்ள செல்களை ஏறத்தாழ சமமாக்கினால் ஆட்டம் நிற்கும்.

பிக்கப் கொடுக்கும்போது வரும் தயக்கத்தை விஇ முடிந்த பிறகே தொட வேண்டும். த்ராட்டில் சட்டென்று திறந்ததும் மேனிஃபோல்டு பிரஷர் ஏறி, தெளித்த பெட்ரோலில் ஒரு பங்கு போர்ட் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கடனை அடைக்கத்தான் ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட். 2000 ஆர்பிஎம்மில் சீராக ஓட்டி, பெடலைச் சிறிதாக ஒரு தட்டு தட்டி லாகைப் பாருங்கள். தட்டியதும் லீன் கூர்முனை வந்தால் ஆரம்ப அளவைக் கூட்டுங்கள். ஆரம்பம் நன்றாக இருந்து பிறகு ரிச்சாக இழுத்தால் அளவு சரி, அது தேய்ந்து மறையும் நேரம்தான் நீளம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சுவரில் ஒட்டுவது அதிகம், ஆகவே அதற்கான பெருக்கி தனியாக இருக்கும். சூட்டில் சரிசெய்த எண்ணைக் குளிருக்காகக் கெடுத்துவிடாதீர்கள்.

கோல்டு ஸ்டார்ட் பொறுமையைக் கேட்கும் வேலை. இரவெல்லாம் நின்ற இன்ஜின் காலையில் ஒருமுறைதான் கோல்டு ஸ்டார்ட் ஆகும். ஒரு நாளுக்கு ஒரு மாற்றம், 5 முதல் 10 சதவீதம். சுற்றிக்கொண்டே இருந்து பெட்ரோல் வாடையே இல்லாவிட்டால் கிராங்கிங் அளவைக் கூட்டுங்கள். பிளக் நனைந்திருந்தால் குறையுங்கள். பிடித்ததும் சில வினாடியில் அணைந்தால் குறை கிராங்கிங்கில் இல்லை, ஸ்டார்ட்டுக்குப் பிந்தைய என்ரிச்மென்ட்டில். வைட்பேண்ட் சூடேற அரை நிமிடம்கூட ஆகலாம், அதுவரை காதும் பிளக்கும்தான் துணை. அதன் பிறகு லாம்டா 0.85, 0.9இல் தொடங்கி, 80 டிகிரி வரும்போது 1ஐத் தொடும்படி வார்ம்-அப் வளைவை வரையுங்கள்.

சூடான வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் தடுமாறுகிறதா? மேனிஃபோல்டில் மாட்டிய காற்று டெம்பரேச்சர் சென்சார் இன்ஜின் சூட்டில் வெந்து, காற்று 70 டிகிரி என்று பொய் சொல்கிறது. ஈசியூ காற்று மெலிந்துவிட்டதாக நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. விஇயை ஏற்றிச் சமாளிக்காமல், சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கம் நகர்த்துவதே வழி.

திரும்பப் பூட்டுவது

க்ளோஸ்டு லூப்பைப் பழைய டெம்பரேச்சருக்குக் கொண்டுவாருங்கள். கேனிஸ்டர் ஹோஸைத் திரும்ப மாட்டுங்கள். பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பழைய கற்றலை அழித்துவிட்டு, ஒரு வாரம் வெயில், குளிர், மேடு, நெரிசல் எல்லாவற்றிலும் ஓட்டி, ஈசியூ தானாகச் செய்யும் திருத்தமான ட்ரிம்மைப் பாருங்கள். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் நின்றால் டேபிள் பிடித்துவிட்டது. எல்லாச் செல்லிலும் ஒரே பக்கமாக நகர்ந்தால் டேபிளுக்குப் போகாமல் மறுபடி பிரஷர் கேஜை எடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியோடு தனி ஃபைல், எதை ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி. கண்ணாடி ஜன்னல் உள்ள சிப் என்றால் வெளிச்சம் புகாத ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டி, ஃபைலின் பெயரை அதிலேயே எழுதிவிடுங்கள். அசல் சிப் ஆன்டி-ஸ்டாட்டிக் ஃபோமில் குத்தி, வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.